பாய்லர் பக்கத்தில் ஒரு ஜாடி

போன நவம்பரில் என் தம்பி பெங்களூரிலிருந்து குன்னூருக்கு வந்தபோது ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். மைசூர்பாகு என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு பெரிய டின்னில் தேன்பாகு மாதிரி மால்ட் சாறு, கோழித்தீவனம் போலப் பச்சையாகக் குட்டிக் குட்டி உருளைகள், ஒரு ஈஸ்ட் பாக்கெட், பாம்பு மாதிரி வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழாய்.

"பியர் போடற சாமான்க்கா. இந்த ஊர் குளிருக்கு ஏசியே வேண்டாம். ரெண்டு மூணு வாரத்துல இருபது லிட்டர் ரெடி."

எனக்கு பியர் பிடிக்கும். சொல்வதில் கூச்சமில்லை. பெங்களூரில் வேலை பார்த்த ஆறு வருஷத்தில், கடைக்குள்ளேயே செம்புத் தொட்டி வைத்துக் காய்ச்சி ஊற்றும் இடங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. அங்கே குடித்த கோதுமை பியரின் வாழைப்பழ வாசனையை இன்னும் நாக்கு மறக்கவில்லை. பழம் எதுவும் போடுவதில்லை, அந்த வாசனை முழுக்க ஈஸ்டின் வேலை என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. அதனால் பெட்டியைப் பார்த்ததும் ஆசை வந்தது நிஜம்.

தம்பி ஊருக்குக் கிளம்பிய அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். பச்சை உருளைதான் ஹாப்ஸ். ஒரு கொடியின் பூவைக் காயவைத்து இடித்து அழுத்தியது. பியரின் கசப்பு அதிலிருந்து வருகிறது, கெடாமல் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அந்தக் கொடி நன்றாகப் பூக்க கோடையில் நீண்ட பகல் வேண்டும். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் பயிர் செய்திருக்கிறார்கள். குளிர் எவ்வளவு இருந்தாலும் நீலகிரிக்கு அந்தப் பகல் வராது, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம். பார்லி பிரச்சினையே இல்லை. படுகர்கள் இந்த மலையில் சாமையோடும் ராகியோடும் பார்லியும் விதைத்தவர்கள்தான். பார்லியை நனைத்து முளைகட்டி, முளை நீளும்முன் உலர்த்தி வறுத்தால் மால்ட். முளைக்கும் விதை தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கத் தேவையான நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் தானியம் இனிப்புத் தண்ணீராகிவிடும். அதை ஈஸ்ட் தின்று சாராயமும் வாயுவும் விடும். குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதில் பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டோம்.

மலைக்கும் பியருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. குளிர்சாதன இயந்திரம் வருவதற்கு முன், 30 டிகிரி தாண்டும் சமவெளியில் காய்ச்சினால் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, குடித்தால் மண்டையைப் பிளக்கிற எண்ணெய்ச் சாராயங்களை விட்டுவிடும். அதனால் வெள்ளைக்காரர்கள் ஆலையை மலைமேல் வைத்தார்கள். இமாசலத்துக் கசௌலியில் எட்வர்ட் டயர் வைத்தார். ஆமாம், ஜாலியன்வாலாபாக் டயரின் அப்பாதான். 1860-இல், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மர்ரியில் ஒன்று வந்தது. நீலகிரியிலும் ஆலைகள் இருந்தன, குடிப்பதற்கு வெலிங்டன் படைமுகாம் பக்கத்திலேயே இருந்தது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் தொடங்கியபோது, அந்த ஐந்தில் நீலகிரி ஆலையும் ஒன்று.

இதையெல்லாம் படித்து உற்சாகத்தின் உச்சியில் இருந்தபோதுதான் சட்டத்தைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் தொடங்கிய அதே சட்டம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதை அதன் 4-ஆவது பிரிவு தடுக்கிறது. விற்கவில்லை, ஒரு தம்ளர்தான், வீட்டோடுதான் என்பதெல்லாம் அங்கே செல்லாது. 2003 முதல் அரசே கடை வைத்து விற்கிறது, நான் அடுப்பில் ஒரு பானை வைத்தால் குற்றம். இந்த வேடிக்கையைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, ஆனால் ஒன்பதாவது படிக்கிற என் மகன் கேட்ட கேள்விக்கு முன்னால் அது நிற்கவில்லை: "அம்மா, நீ ஜெயிலுக்குப் போனா எனக்கு யார் டிபன் கட்டுவாங்க?"

பெட்டி பரணுக்குப் போனது.

இதையெல்லாம் அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி அத்தை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலையில், "பியருன்னா ஜிஞ்சர் பியரா புள்ள?" என்றார்.

என் மாமியார் பிறந்தது இலங்கையில், தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டத் தமிழரில் இத்தனை பேர் இந்தியாவுக்கு என்று பிரித்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் கணக்கில் விழுந்து, 1974-இல் பதினாறு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் இந்த மலையின் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். ஐம்பது வருஷமாயிற்று, சர்க்கரை இன்னும் சீனிதான், கடுங்காப்பி வேண்டாம் என்றால் 'பிளேன்டி' (பால் விடாத டீ) கேட்பார். அங்கே தீபாவளிக்கு அவருடைய அப்பா யானைப் படம் போட்ட பாட்டிலில் ஜிஞ்சர் பியர் வாங்கி வருவாராம். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பாட்டில். "தொண்டையில எரியும். மூக்குல ஏறும். அழுகை வரும். ஆனா இன்னொரு வாய் கேப்போம்."

பிற்பாடு தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. கடையில் விற்பது பெரும்பாலும் இஞ்சிச் சாரத்தில் வாயு ஏற்றியது. ஆனால் அதன் மூலப் பானம் இங்கிலாந்து வீடுகளில் ஈஸ்ட் வைத்துப் புளிக்கவிட்டது. ஜாடியின் அடியில் ஜவ்வரிசி மாதிரி கட்டி கட்டியாக ஒன்று வளரும், அதை 'இஞ்சி பியர் செடி' என்பார்களாம். அது செடியே இல்லை, ஒரு ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வாழும் கூட்டுக்குடும்பம் என்று 1892-இல் எழுதியவர் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர். அதே வார்ட்தான் 1880-இல் இலங்கைக்குப் போய், காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவர். காப்பி போனதால் அந்த மலைகளில் தேயிலை வந்தது. தேயிலை வந்ததால் அத்தையின் முன்னோர் கூட்டங்கூட்டமாக அங்கே போனார்கள். இதை அத்தையிடம் சொன்னேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு உளுந்தைக் களைந்தார்.

சரி, இஞ்சி பியர் போடுவோம் என்று முடிவானது.

செய்முறை பார்க்க ரொம்பச் சுலபம். முதலில் 'இஞ்சிப் புளிப்பு' தயாராக வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரில் ரெண்டு டீஸ்பூன் துருவிய இஞ்சி, ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை. மெல்லிய துணியால் வேடு கட்டி வைத்து, தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் போட்டுக் கலக்க வேண்டும். இஞ்சியின் தோலில் இருக்கும் காட்டு ஈஸ்ட் விழித்துக்கொண்டு, ஐந்தாறு நாளில் நுரைக்கத் தொடங்கும்.

எனக்கு ஒன்பது நாள் ஆகியும் ஒரு குமிழி வரவில்லை. பத்தாம் நாள் மேலே வெள்ளையாகப் பூஞ்சைதான் வந்தது.

இரண்டு தப்பு செய்திருந்தேன். ஒன்று, டீக்குச் செய்கிற பழக்கத்தில் ஸ்பூனால் இஞ்சியின் தோலைச் சுத்தமாகச் சுரண்டியிருந்தேன். அதுவும் கழுவிப் பளபளவென்று வைத்திருந்த இஞ்சி. இரண்டாவது தப்பை அத்தை ஜாடியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார். "ஐஸ் மாதிரி இருக்கு. இதுல எப்படிப் பொங்கும்?"

குன்னூரில் டிசம்பர் மாதம் இட்லி மாவு பொங்க வைப்பது ஒரு தனித் தொழில். கீழே மேட்டுப்பாளையத்தில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் பாத்திரம் தாண்டி வழிகிற மாவு, இங்கே காலையில் போய்ப் பார்த்தால் ராத்திரி வைத்த கோட்டிலேயே நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வித்தை இருக்கிறது. கேசரோலில் ஊற்றி மூடுவார்கள். வெந்நீர் வாளிக்குள் பாத்திரத்தை இறக்குவார்கள். என் நாத்தனார் கம்பளியில் சுற்றித் தன் கட்டில் ஓரத்தில் படுக்க வைப்பாள், மாப்பிள்ளை அந்தப் பக்கம், மாவு இந்தப் பக்கம். அத்தையின் முறை வேறு. மாவை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டுவார், குளிர்காலத்தில் உப்பை ராத்திரி போடாமல் காலையில் போடுவார், கையால்தான் கரைப்பார், பாத்திரத்தைப் பின்கட்டில் செம்பு பாய்லருக்குப் பக்கத்தில், சாக்கு மடித்து அதன்மேல் வைப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு எரிந்து அடங்கிய கற்பூர மரச் சுள்ளியின் தணல் விடியும்வரை கதகதப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

உப்பு நுண்ணுயிரை மந்தமாக்கும், அதனால் குளிரில் பின்னால் போடுவது சரி. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடுமே வருகின்றன என்கிறார்கள் படித்தவர்கள். அத்தை தன் கையிலிருந்து வருகிறது என்கிறார். இதில் நான் தலையிடுவதில்லை.

உழவர் சந்தையில் மண் ஒட்டிய இஞ்சி வாங்கி, லேசாக அலசி, தோலோடு துருவி மறுபடி தொடங்கினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர். ஊறுகாய் ஜாடி. தெர்மாமீட்டர் அடுப்படியில் 13 டிகிரி காட்டியது, பாய்லர் பக்கத்துச் சாக்கில் 24. மூன்றாம் நாள் காலையில் வேட்டுத் துணியை அவிழ்த்தேன். இஞ்சித் துருவல் எல்லாம் மேலே ஏறி ஒரு தட்டையான தொப்பி மாதிரி மிதந்தது. தொப்பியின் ஓரத்தில் கண்ணாடியை ஒட்டிக் கடுகளவு குமிழிகள், ஒன்று உடைய ஒன்று வர. காதை வைத்தேன். மழை விட்டபின் இலைகள் சொட்டுமே, அந்தச் சத்தம், ஆனால் ரொம்பச் சன்னமாக. வாசனையில் இஞ்சி பாதி, இட்லி மாவு பாதி.

மகனை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். "உயிரோட இருக்கா?" என்றான். இருக்கிறது.

அடுத்தது பானம். இரண்டு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் இஞ்சியை நசுக்கிப் போட்டு, 200 கிராம் சர்க்கரையோடு கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகத்தான் தாமதம், இஞ்சிக்கு அது போதும். நன்றாக ஆறிய பிறகு (சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்) ரெண்டு எலுமிச்சம்பழச் சாறு, அரைத் தம்ளர் இஞ்சிப் புளிப்பை வடிகட்டி ஊற்றி, பாட்டிலில் அடைத்தேன்.

பாட்டில் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எல்லாரும் சொல்கிற யோசனை, பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்று, அழுத்திப் பார், கல்லு மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜில் வை என்பது. நல்ல யோசனைதான். ஆனால் நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. மேலே வரும் வண்டிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிற ஊர் இது. வீட்டில் தேடினால் ஒன்றுகூட இல்லை. கோலி சோடா பாட்டில் கிடைத்தாலாவது சந்தோஷமாக இருந்திருக்கும். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய வடிவம் அது, உள்ளே இருக்கும் வாயுவே கோலியைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். அதுவும் கிடைக்கவில்லை. கம்பி மூடி போட்ட தடித்த கண்ணாடி பாட்டில் இரண்டு ஆன்லைனில் வாங்கியிருந்தேன். மிச்சம் அரை லிட்டருக்கும் மேல் இருந்ததை வீணாக்க மனசு வராமல், காலியாகக் கிடந்த நன்னாரி சர்பத் பாட்டிலில் ஊற்றித் திருகினேன்.

மூன்றையும் பாய்லர் பக்கத்தில் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு அத்தை வழக்கம்போலக் குளிக்கப் பாய்லரைப் பற்றவைத்தார். ஆறு மணிக்கு ஒரு வெடிச்சத்தம். நான் போர்வையை உதறிவிட்டு ஓடினேன். பின்கட்டுச் சுவரெல்லாம் இஞ்சித் தண்ணீர், கண்ணாடிச் சில்லு சாக்கில் குத்தி நிற்கிறது, அத்தை குளியலறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, "காட்டெருமைய விரட்ட வெடி போட்டுட்டாங்கன்னுல்ல நெனச்சேன்" என்கிறார். எங்கள் தெருவில் அது நடக்காத விஷயமும் இல்லை. யாருக்கும் அடிபடவில்லை. அவர் ஐந்து நிமிஷம் முன்பு அங்கே குனிந்து ஊதிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பானத்துக்கு பியர் அளவு நுரை கிடைக்க ஈஸ்ட் சுமார் எட்டு கிராம் சர்க்கரை தின்றால் போதும். அதில் பாதி எடை வாயுவாகிறது. நான் போட்டிருந்தது லிட்டருக்கு 100 கிராம். ஈஸ்டுக்கு எட்டோடு நிறுத்த யாரும் சொல்லித் தரவில்லை. கதகதப்பு இருக்கும்வரை அது தின்றுகொண்டே போகும், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சர்பத் பாட்டில் அழுத்தம் தாங்கச் செய்த பாட்டிலே இல்லை, மெல்லிய கண்ணாடி. தயவுசெய்து யாரும் அதில் ஊற்றாதீர்கள். ஜாம் பாட்டில், சதுர பாட்டில் எதிலும் வேண்டாம். அழுத்தம் தாங்கும் உருண்டை பாட்டில், வாயில் ஒரு அங்குலம் காலி, சுற்றி ஒரு மூடிய அட்டைப்பெட்டி. இரண்டாம் நாளே ஃபிரிட்ஜ்.

அதே கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த எட்டு கிராம் சர்க்கரையிலிருந்து வரும் சாராயம் கிட்டத்தட்ட அரை சதவீதம். உணவுப் பாதுகாப்பு விதிகளில் மதுபானம் என்ற பெயர் தொடங்குவதும் அரை சதவீதத்துக்கு மேல்தான். அதாவது நுரை வந்த கையோடு குளிரில் வைத்தால் கோட்டின்மேல் நிற்கிறேன். ஃபிரிட்ஜில் வைக்க மறந்து, பாட்டிலும் தாங்கி, 100 கிராமும் தீர்ந்தால் ஆறு சதவீதத்துக்கு மேல் போய்விடும். பரணில் இருக்கும் டின்னைவிட வீரியமாக, பாய்லர் பக்கத்தில் ஒரு குற்றம். அதிலிருந்து லிட்டருக்கு 60 கிராம்தான் போடுகிறேன், போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன்.

தப்பித்த இரண்டு பாட்டிலையும் மெல்ல, துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோனோம். குளிர்ந்த திரவத்தில்தான் வாயு கரைந்து அடங்கும். சூடாகத் திறந்தால் கூரைக்குப் போகும். ஒரு பகல், ஒரு இரவு பொறுத்து, முதல் பாட்டிலைத் தொட்டிக்கு மேலே பிடித்துக் கம்பியை நெம்பினேன். 'டொப்'. புகை மாதிரி ஒரு ஆவி. நுரை கழுத்துவரை ஏறி, யோசித்து, நின்றது.

நான் எதிர்பார்த்தது இனிப்பு சோடா. வந்தது அது இல்லை. முதலில் எலுமிச்சை, உடனே லேசான புளிப்பு, தொண்டையில் இறங்கியபின் இஞ்சி காரம் ஏறி ஒரு நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அடியில் மங்கலாக ஒரு ரொட்டி வாசனை. என் கணவர் ரெண்டு வாய் குடித்துவிட்டு, "ஜலதோஷத்துக்கு நல்லா இருக்கும்" என்றார். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மகன் தன் தம்ளரைக் காலி பண்ணிவிட்டு அப்பாவுடையதையும் எடுத்துக்கொண்டான்.

அத்தை தம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அது வேற" என்றார். "இது இஞ்சிக் கசாயம். நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு அவர் பிறகு எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆறு பேர் ஒரு பாட்டிலைப் பங்கு போட்ட ருசியை நான் எங்கிருந்து கொண்டுவருவது?

இப்போது நாலு மாதமாகிறது. இஞ்சிப் புளிப்பு ஜாடி பாய்லர் பக்கத்திலேயே குடியிருக்கிறது. மார்ச் வெயிலில் துள்ளுகிறது, மழை மூடினால் சோம்புகிறது. போன மாதம் உறவில் ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் மதுரை போய்விட்டு வந்தேன். தினம் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஜாடியில் பாதியைக் காணோம்.

"அத்தை, இதைக் கொட்டிட்டீங்களா?"

"ஆப்பத்துக்கு ஊத்தினேன்."

தலவாக்கலையில் ஆப்ப மாவுக்குக் கள்ளு ஊற்றுவார்களாம். இங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை, அதனால் இத்தனை வருஷமும் ஈஸ்ட் பொடியும் தேங்காய்த் தண்ணீரும் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வேட்டுத் துணியை அவிழ்த்து மோந்து பார்த்து, ஒரு கரண்டி எடுத்து மாவில் விட்டிருக்கிறார்.

கை கால் கழுவிவிட்டு வந்தேன். ஆப்பச் சட்டியைச் சுழற்றி அடுப்பில் வைத்து மூடினார். மூடியைத் தூக்கியபோது நடுவில் மெத்தென்று பஞ்சு, ஓரமெல்லாம் ஊசிக்கண் ஊசிக்கண்ணாக ஓட்டை விழுந்த மொறுமொறு வலை. தேங்காய்ப்பாலுக்கு அடியில் இஞ்சி லேசாக மணந்தது.

"இன்னும் ஒண்ணு வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த கரண்டி மாவை ஊற்றிவிட்டார்.